லிஸ்ப்: பட்டியலில் உள்ள குறியீட்டைத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

வினா (மாணவி, வெள்ளவத்தை)

வணக்கம். எஸ்பிசிஎல் என்ற மென்பொருளை நிறுவி, கொமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியைப் பயின்று வருகிறேன். கரையோரப் பாதையின் புகையிரத நிலையங்கள் சிலவற்றைப் பின்வருமாறு பட்டியலாக்கினேன். கட்டளைப் பெயர்களை இங்கு தமிழ் எழுத்தில் தருகிறேன்.

(டெஃப்பராமீட்டர் நிலையங்கள் '('கொள்ளுப்பிட்டி 'பம்பலப்பிட்டி 'வெள்ளவத்தை))

(மெம்பர் 'வெள்ளவத்தை நிலையங்கள்) என்று தேடினால் நில் (இல்லை, வெறுமை) என்றே விடை வருகிறது. இட எண்ணைக் கொண்டு மூலகத்தை எடுக்கும் (நெத் 1 நிலையங்கள்) என்பதும் முதல் நிலையத்தை விட்டு இரண்டாவதைத் தருகிறது. காரணத்தை விளக்குவீர்களா?

மறுமொழி 1

நெத் 0 இலிருந்து எண்ணுகிறது, அவ்வளவுதான். ஆனால் பட்டியலின் நீளத்தைத் தாண்டிய எண்ணைக் கொடுத்தாலும் அது வழுச்செய்தி எதுவும் காட்டாமல் நில் தரும் என்பதால், அவ்விடத்தில் விழிப்பாக இருங்கள்.

தேடல் பொய்த்ததற்குக் காரணம் வேறு. தனி மேற்கோள் குறி, ‘மதிப்பிடாமல் அப்படியே எடு’ எனப் பொருள்படும் (குவோட் …) என்பதன் சுருக்கம். நிரலை இயக்குவதற்கு முன், அதை வாசிக்கும்போதே லிஸ்ப் அக்குறியை விரித்துவிடுகிறது. வெளியே இட்ட ஒரு குறியே அடைப்புக்குள் உள்ள அனைத்தையும் மதிப்பிடாமல் தடுத்துவிடுவதால், உள்ளே நீங்கள் இட்ட குறிகள் தரவாகவே தங்கிவிட்டன. (ஃபர்ஸ்ட் (ஃபர்ஸ்ட் நிலையங்கள்)) என்று கேட்டுப் பாருங்கள்: குவோட் என்ற குறியீடே (தரவாக நிற்கும் பெயரே) விடையாக வரும். அதாவது உங்கள் பட்டியலில் இருப்பவை மூன்று குறியீடுகள் அல்ல, மூன்று சிறு பட்டியல்கள். '(கொள்ளுப்பிட்டி பம்பலப்பிட்டி வெள்ளவத்தை) என்று எழுதினால் போதும்.

மறுமொழி 2

மேலே கூறியது சரி. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். (லிஸ்ட் 'கொள்ளுப்பிட்டி 'பம்பலப்பிட்டி 'வெள்ளவத்தை) என்று எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் குறி கட்டாயம் வேண்டும். லிஸ்ட் ஒரு சார்பு ஆதலால் தன் உள்ளீடுகளை மதிப்பிட்ட பின்னரே பட்டியலாக்கும், குறியில்லாத பெயரை மாறி என்று கருதி அதன் மதிப்பைத் தேடும். பின்னர் மாற்றப்போகும் பட்டியலை இவ்வாறே அமையுங்கள். குவோட் இட்டு நிரலில் நேரடியாக எழுதிய பட்டியலை மாற்றினால் என்ன நிகழும் என்பதற்கு மொழியின் தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை.

பழைய நிரல்களில் கார், குடர் என்று காண்பீர்கள். அவை ஐபிஎம் 704 கணினியின் பதிவகப் பகுதிகளிலிருந்து வந்த பெயர்கள்; பட்டியலைப் பொறுத்தவரை ஃபர்ஸ்ட் (முதல் மூலகம்), ரெஸ்ட் (அதன் பின் எஞ்சிய பட்டியல்) என்பனவும் முறையே அதே வேலையைத்தான் செய்கின்றன.

வினா எழுதியவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இப்போது மெம்பர் (வெள்ளவத்தை) என்று அடைப்புடன் தருகிறது. இது சரியா?

மறுமொழி 1

சரியே. மெம்பர், கண்டெடுத்த மூலகத்திலிருந்து இறுதிவரை எஞ்சிய பட்டியலைத் தரும். பம்பலப்பிட்டியைத் தேடினால் (பம்பலப்பிட்டி வெள்ளவத்தை) என்று வரும்.