குற்றமின்மை ஊகமா, முற்கோளா? கூடவே 'முறைவழி' பற்றியும்

அன்புள்ள குழுவினருக்கு,

நம் சட்டச் சொற்பட்டியலுக்காக 'பிரிசம்ப்ஷன் ஆஃப் இன்னசன்ஸ்' என்பதற்கு, அதாவது குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரைக் குற்றமற்றவராகவே கொள்ளவேண்டும் என்ற கொள்கைக்கு, தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக ஓடும் இழையை இன்று காலைதான் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். வக்கீல் குமாஸ்தாவாக ஒன்பது வருடம், அப்புறம் நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பு என்று ஓடியவன் என்பதால் கை சும்மா இருக்கவில்லை. நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மொழிபெயர்ப்பு இயந்திரம் "அப்பாவித்தனத்தின் அனுமானம்" என்று தருகிறது. இதையே கொஞ்சம் மெருகேற்றினால் போதாதா?

போதாது, அக்கா. அப்பாவி என்றால் சூதுவாது தெரியாதவன். ஏழு வழக்கில் உள்ளே போய் வந்த கைதேர்ந்த திருடனுக்கும் எட்டாவது வழக்கில் இந்தப் பாதுகாப்பு உண்டு. அவனைப் போய் அப்பாவி என்றால் அவனே சிரிப்பான். 'குற்றமின்மை' என்று வைத்தால் ஆளின் குணத்தைப் பற்றிய பேச்சே வராது. இந்தக் குற்றம் இவர் மீது நிற்கிறதா இல்லையா, அவ்வளவுதான். முதல் பாதியில் நம்மில் பெரும்பாலானோர் ஒத்துப்போகிறோம் என்றே நினைக்கிறேன்.

சிக்கல் இரண்டாவது பாதி. பழைய சட்டத் தமிழில் 'ஊகம்' இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் பட்டியலைத் தொகுக்கும் ஐயா. பேச்சு வழக்கில் ஊகம் என்பது என்ன? மேகம் கறுத்தால் மழை வரும் என்பது ஊகம். கண்ணில் பட்டதை வைத்து மனம் போகிற பக்கம். இங்கே சட்டம் கேட்பது அதற்கு நேர் எதிரானது.

இங்கிலாந்தில் 1935-இல் தீர்ந்த வூல்மிங்டன் வழக்கைப் பாருங்கள். 21 வயது பண்ணைத் தொழிலாளி. கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன மனைவியைப் பார்க்கத் துப்பாக்கியோடு போகிறார். குண்டு பாய்ந்து மனைவி இறந்துபோகிறார். சுடுபட்டது தன் துப்பாக்கியால்தான் என்பதை அவர் மறுக்கவேயில்லை. 'நீ திரும்பி வராவிட்டால் நான் செத்துப்போவேன் என்று மிரட்டத்தான் எடுத்துப் போனேன், தவறி வெடித்துவிட்டது' என்பது அவர் தரப்பு. கொன்றது உறுதியானால், அது கொலை இல்லை என்று காட்டவேண்டியது எதிரியின் வேலை என்று விசாரணை நீதிபதி ஜூரிகளிடம் சொன்னார். தண்டனையும் விழுந்தது. மேல்முறையீட்டில், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைத் தூக்கி எறிந்தது. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது, அந்தப் பொன்னிழை குற்றவியல் சட்டம் முழுக்க ஓடுகிறது என்று சாங்கி பிரபு எழுதியது இந்தத் தீர்ப்பில்தான்.

இதில் 'ஊகத்தை'ப் பொருத்திப் பாருங்கள். துப்பாக்கியோடு போன கணவன், இறந்து கிடக்கும் மனைவி. தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஊகம் ஒன்றுதான்: கொன்றுவிட்டான். சட்டம் அந்த ஊகத்தைத்தான் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்கிறது. நீதிபதி மனதுக்குள் என்ன நினைக்கிறார் என்பது பற்றிக் கவலையில்லை. நீ இந்த இடத்திலிருந்துதான் கிளம்பவேண்டும், உன்னை அங்கிருந்து நகர்த்துவது அரசுத் தரப்பின் பாடு, அவ்வளவே. ஆகவே இது மனம் கொள்ளும் கணிப்பில்லை, முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் நிலை. மேற்கோள், கருதுகோள் வரிசையில் 'முற்கோள்' என்று சொல்லலாமா? 'குற்றமின்மை முற்கோள்'. முன் + காலம் முற்காலம் ஆவது போலத்தான், புணர்ச்சியில் தகராறு இல்லை.

('கோள்' என்றால் கோள் மூட்டுவது நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் கேலி செய்திருந்தார். பாதி வழக்குகள் அங்கேதான் தொடங்குகின்றன என்பதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.)

இன்னொரு வசதியும் உண்டு. போதைப்பொருள் சட்டம், பணமோசடித் தடுப்புச் சட்டம், போக்சோ போன்றவற்றில் சில இடங்களில் மெய்ப்பிக்கும் சுமை எதிரியின் தலைக்கு மாறுகிறது. குற்றம் செய்ததாகவே எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். அதை 'குற்ற முற்கோள்' என்று சொன்னால் தெளிவாக நிற்கும். 'குற்ற ஊகம்' என்று எழுதினால் ஏதோ போலீஸ் சந்தேகம் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

> எங்கட பக்கம் 'சுற்றவாளி' எண்டு ஒரு நல்ல சொல் கிடக்கு. அதை விட்டிட்டுப் போறீங்கள்.

விடவில்லை, அண்ணை. சுற்றவாளி என்றால் குற்றமற்றவர். குற்றவாளி, சுற்றவாளி என்று எதுகையோடு நிற்கும் அந்த இணை எனக்கும் ஆசைதான். இலங்கையின் 1978 அரசியலமைப்பு 13(5)-இல் இந்தக் கொள்கையை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. இந்திய அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி இல்லை, நீதிமன்றங்கள்தான் உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் பிரிவின் உள்ளே அதைக் கண்டு வைத்திருக்கின்றன. அதனால் இதைப் பற்றித் தமிழில் எழுதிப் பழகியவர்கள் உங்கள் பக்கம் அதிகமாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் மதுரையில் ஒருவரிடம் சுற்றவாளி என்றால் ஊர் சுற்றுகிறவன் என்பார். பட்டியலில் சுற்றவாளியையும் சேர்த்தே போடுவோம், இலங்கை வழக்கு என்று குறித்து.

சரி, அடுத்த சொல்லுக்கு வருகிறேன். 'டியூ பிராசஸ்': ஒருவரின் உயிரிலோ சுதந்திரத்திலோ அரசு கை வைக்குமுன் நேர்மையான முறையைக் கடைப்பிடிக்கவேண்டும் என்ற கொள்கை. இங்கே 'சட்டப்படியான நடைமுறை' என்று முடித்துவிடப் பார்க்கிறார்கள். அப்படி வைத்தால் ஒரு முப்பது வருட வரலாறே தமிழில் சொல்ல முடியாமல் போய்விடும். இந்திய அரசியலமைப்பை வரையும் காலத்தில், அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா போய் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். இந்தத் தொடர் வேண்டாம், மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தை ஒருசில நீதிபதிகள் தடுக்க வழிவிடும் என்று ஃபிராங்க்ஃபர்ட்டர் எச்சரித்தார். கடைசியில் ஜப்பானிய அரசியலமைப்பின் 31-ஆம் பிரிவைப் பார்த்து 'சட்டம் வகுத்த நடைமுறை' என்ற பொருளில் வேறு தொடரை எழுதினார்கள். வேண்டுமென்றே எழுதினார்கள். அதன் விலை 1950-இல் தெரிந்தது: விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்ட ஏ. கே. கோபாலன் சென்னை மாநில அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சட்டமன்றம் இயற்றிய நடைமுறையைப் பின்பற்றினால் போதும், அது நியாயமானதா என்று கேட்க இடமில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான் நடைமுறை நேர்மையாகவும் நியாயமாகவும் இருக்கவேண்டும் என்று ஆனது. ஆக, ஒரு தொடர் மறுக்கப்பட்டு, பின்வாசல் வழியாக உள்ளே வந்த கதை இது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் என்றால் கதையே புரியாது.

'உரிய முறை' என்பதை முதலில் நானே எழுதிப் பார்த்தேன். உரிய என்பதில் உரிமையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அழகுதான். ஆனால் மனு கொடுத்தவர்களுக்குத் தெரியும், 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வந்தால் ஒன்றும் நடக்காது என்று அர்த்தம். அந்தச் சொல்லின் உயிரை அலுவலகங்கள் எப்போதோ வாங்கிவிட்டன.

ஆனால் 'முறை'யை விடாதீர்கள். தமிழில் அதற்குச் செய்யும் விதம் என்றும் பொருள், நீதி என்றும் பொருள். 'ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை' என்ற குறளில் இரண்டும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன: தேர்ந்து, அதாவது விசாரித்துச் செய்வதுதான் நீதி. கண்ணகி பாண்டியனைத் 'தேரா மன்னா' என்றது இதே வினையில்தான். மேனகா காந்தி தீர்ப்பு இரண்டையும் சேர்க்க எடுத்த பாட்டை, நம் சொல் சேர்த்தே வைத்திருக்கிறது. முறையீடு, மேல்முறையீடு, முறைமன்ற நடுவம் எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள உறவினர்கள். எனவே என் முன்மொழிவு 'முறைவழி'. 'முறைவழி மறுக்கப்பட்டது', 'முறைவழி உரிமை' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை. முறைமாமன் ஞாபகம் வரும் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று, இதற்கு என்னிடம் விடை இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரை நான் மேலே சர்வசாதாரணமாக 'எதிரி' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? நீதிமன்றத் தமிழ் கையோடு வந்துவிட்டது. குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு தாலுகா ஊரில் குற்றப்பத்திரிகை நகலைப் பையன் ஒருவன் கையில் கொடுத்தேன். பைக் திருட்டு வழக்கு. வேப்பமரத்தடியில் நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். 'முதல் எதிரி' என்ற இடத்தில் அவன் பெயர். "நான் யாருக்குண்ணே எதிரி?" என்று கேட்டான். எதிர்த்தரப்பு என்பதுதான் அதன் பழைய பொருள் என்று விளக்கினேன். தலையாட்டினான், நம்பவில்லை. பதினான்கு மாதம் கழித்து அவனுக்கு விடுதலை ஆனது. கைதான அன்று ஒரு நாளிதழ் 'பைக் திருடன் சிக்கினான்' என்று படத்தோடு போட்டிருந்தது. விடுதலையை யாரும் போடவில்லை.

'குற்றஞ்சாட்டப்பட்டவர்' சரியான சொல்தான், ஆனால் தலைப்பில் அடங்காது. அடங்காததால்தான் செய்தியாளர்கள் குற்றவாளி, திருடன் என்று குறுக்கிவிடுகிறார்கள். இலங்கையின் 'சந்தேகநபர்' கைதாகும் கட்டம் வரைக்கும் சரி, வழக்கு தொடங்கிய பிறகு பொருந்தாது. நான்கைந்து எழுத்தில், பழி ஒட்டாத ஒரு சொல் யாரிடமாவது இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை பட்டியலை மூடுவதாக ஐயா எழுதியிருந்தார். இந்த ஒரு வரியை மட்டும் இன்னும் ஒரு வாரம் திறந்து வைக்க முடியுமா?