டெட்ராய்ட் கார் கம்பெனிகளை அரசு காப்பாற்றியது சரியா? அந்தப் பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்களேன்

கடைசிபெஞ்ச்:

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் எம்பிஏ படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் ஒரு விவாதம்: 2008-09-இல் அமெரிக்க அரசு ஜெனரல் மோட்டார்ஸையும் கிரைஸ்லரையும் காசு போட்டுக் காப்பாற்றியது சரியா, தவறா? சீட்டுக் குலுக்கியதில் 'சரி' கட்சி என் தலையில் விழுந்துவிட்டது. மனசுக்குள் நான் எதிர்க்கட்சி.

கார் துறைக்கென்று அரசு இறக்கியது சுமார் 80 பில்லியன் டாலர். ஜிஎம்மில் மட்டும் போட்டது 49.5 பில்லியன். 2013 டிசம்பரில் கடைசிப் பங்கையும் விற்றுக் கணக்கை முடித்தபோது திரும்பி வந்தது 39 பில்லியன். மிச்சம் பத்தரை பில்லியன் போனது போனதுதான்.

ஆனால் என் குழப்பம் வேறு. குடியரசுக் கட்சி அரசியல்வாதி மிட் ராம்னி 2008 நவம்பரிலேயே "திவாலாகட்டும்" என்ற பொருளில் பத்திரிகையில் எழுதினார், அதற்கு மிச்சிகனில் இன்னும் திட்டு வாங்குகிறார். கடைசியில் என்ன நடந்தது? 2009 ஏப்ரல் 30-இல் கிரைஸ்லர், ஜூன் 1-இல் ஜிஎம், இரண்டுமே திவால் நீதிமன்றப் படி ஏறின. திவால்தான் முடிவு என்றால் நடுவில் வரிப்பணம் எதற்கு? இதற்கு விடை தெரியாமல் மேடை ஏறினால் கிழித்துவிடுவார்கள்.

நாஷ்வில்காரன்:

உங்கள் மனசு சொல்வதுதான் சரி தம்பி.

இங்கே டென்னசியில் ஸ்மிர்னாவில் நிசான் 1983 முதல் வண்டி செய்கிறது. அலபாமாவில் மெர்சிடிஸ், ஹூண்டாய், ஹோண்டா. தென் கரோலினாவில் பிஎம்டபிள்யூ. வேலை செய்பவர்கள் எல்லோரும் இந்த ஊர் ஆட்கள், இங்கேதான் வரி கட்டுகிறார்கள். 2009-இல் சந்தை படுத்தபோது இவர்களுக்கும்தான் அடி விழுந்தது. இந்தத் தொழிற்சாலைகளுக்கு மீட்பு நிதி யாரும் கொடுக்கவில்லை. பிறகு எது 'உள்நாட்டு' கம்பெனி?

ஜிஎம், கிரைஸ்லர், ஃபோர்டு தலைவர்கள் மூவரும் ஆளுக்கொரு தனி ஜெட்டில் வாஷிங்டன் போய் 25 பில்லியன் கேட்டார்கள். நாடே காறித் துப்பியதும் டிசம்பரில் காரில் போனார்கள். அதற்குள் கேட்கும் தொகை 34 பில்லியனாக ஏறியிருந்தது! 'ஜாப்ஸ் பேங்க்' என்று ஒன்று இருந்ததே, வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் சம்பளத்தில் 95 சதவீதம் வரை கொடுப்பது, அதையும் உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். கிரைஸ்லர் 1980-இலும் 1.5 பில்லியன் கடனுக்கு அரசை ஜாமீன் நிற்க வைத்த கம்பெனி. ஒருமுறை தூக்கிவிட்டால் மறுமுறையும் கை நீட்டத்தான் செய்யும்.

பட்டறைக்காரன்:

நான் அப்போது டெட்ராய்ட்டுக்கு வடக்கே மக்கோம்ப் கவுண்டியில், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்றில் தர எஞ்சினியர். கம்பெனி பெயர் வேண்டாம். இருக்கைக்கு அடியில் வரும் பிராக்கெட், தண்டவாளம் மாதிரியான சமாச்சாரங்கள் அடிப்போம். எங்கள் சரக்கு நேராக ஜிஎம்முக்குப் போகாது. இருக்கை செய்கிறவருக்குப் போகும், அவர் இருக்கையாகக் கோர்த்து ஜிஎம், கிரைஸ்லர், ஃபோர்டு மூவருக்கும் அனுப்புவார். ஒஹாயோவில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலைக்கும் போகும். ஆகவே நாஷ்வில்காரரின் 'உள்நாடு, வெளிநாடு' கணக்கு எங்கள் பிரஸ் ஷாப் தரையில் அவ்வளவு சுத்தமாகப் பிரியாது. ஒரே பிரஸ், ஒரே ஆபரேட்டர். காலையில் டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றினால் ஜிஎம் பிராக்கெட், மதியம் மாற்றினால் ஜப்பான்காரர் பிராக்கெட்.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி. சண்டை திவாலா இல்லையா என்பதில் இல்லை. திவால் நடக்கும் நாட்களில் கம்பெனியை ஓட்டுவதற்கு யார் பணம் தருவது என்பதுதான் சண்டை.

அமெரிக்கச் சட்டத்தில் கம்பெனிகளுக்குத் திவால் முக்கியமாக இரண்டு விதம். 'சாப்டர் 11' என்றால் கடன்காரர்களை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே தொழில் நடக்கும். 'சாப்டர் 7' என்றால் பூட்டு, ஏலம். சாப்டர் 11-இல் நுழைய வேண்டுமானால் சம்பளத்துக்கும் இரும்புக்கும் கரண்டுக்கும் புதுப்பணம் வேண்டும். சாதாரண காலத்தில் பெரிய வங்கிகள் கூட்டாகச் சேர்ந்து அதைக் கொடுக்கும், நல்ல லாபமான தொழில் அது. ஆனால் 2008 செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் விழுந்தபின் வங்கிக்கு வங்கி கடன் கொடுக்கவே பயந்த நேரம். ஜிஎம் திவால் நீதிமன்றத்தில் இருந்த நாற்பது நாளில் அதற்கு அமெரிக்க அரசு மட்டும் 30 பில்லியன் போட்டது. அந்தத் தொகையை அன்றைக்குக் கொடுக்கக்கூடிய தனியார் ஒருவரும் இல்லை.

ராம்னிக்கும் நியாயம் செய்ய வேண்டும். அந்தத் தலைப்பு பத்திரிகை வைத்தது. உள்ளே அவர் சொன்னது, கம்பெனிகள் நீதிமன்றம் போகட்டும், பிறகு வாங்கும் கடனுக்கும் கார் வாரண்டிக்கும் அரசு உத்தரவாதம் தரட்டும் என்பது. உத்தரவாதம் சரிதான், ஆனால் உத்தரவாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடன் கொடுக்க ஒரு வங்கி வேண்டுமே. அந்த இடத்தில்தான் அவர் திட்டம் இடறுகிறது.

அப்புறம் எங்கள் மாதிரி சில்லறை ஆட்களின் கதை. பேப்பரில் இது வராது. ஜிஎம் பணம் தரும் வழக்கம் என்ன தெரியுமா? சரக்கு போன மாதம் கழிந்து, அதற்கடுத்த இரண்டாம் மாதத்தின் இரண்டாம் நாள். சராசரியாக 47 நாள். அதாவது எந்த நாளில் பார்த்தாலும் நாம் அடித்து அனுப்பி, அவர் வண்டியில் பூட்டி, விற்றும் முடித்த சரக்குக்கான ஒன்றரை மாதக் காசு அவரிடம் கிடக்கும். அவர் மஞ்சள் கடிதாசி கொடுத்த அன்று அந்தக் காசு முழுக்க 'பழைய கடன்' ஆகிவிடும். சின்ன பிரஸ் ஷாப் ஒன்றின் மொத்த மூச்சும் அந்த ஒன்றரை மாதப் பணம்தான். வங்கிக்காரர் அதை வைத்துத்தான் நமக்கு ஓவர்டிராஃப்ட் கொடுப்பார். 2009 தொடக்கத்திலேயே அவர்கள் 'டெட்ராய்ட் பில்லை அடமானமாக எடுக்க மாட்டோம்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒவ்வொரு வாரமும் கம்ப்யூட்டரில் ரிலீஸ் வரும்: அடுத்த வாரம் இத்தனை, அதற்கடுத்த வாரம் இத்தனை என்று. 2008 டிசம்பர் 19-இல் கிரைஸ்லர் தன் 30 தொழிற்சாலைகளையும் ஒரு மாதத்துக்கு மூடியது. அப்போது ரிலீஸைத் திறந்தால் கட்டம் கட்டமாகப் பூஜ்யம். அந்த வருஷம் பட்டறையில் எல்லோரும் பேசியது ஒன்றுதான், யார் வீட்டு டையை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று. டை நம்முடையது இல்லை, கார் கம்பெனியின் சொத்து. அவர்கள் சொத்து என்று தகட்டில் வெட்டி ஒட்டியிருக்கும். ஒரு பட்டறை சாயப்போகிறது என்று வாசனை வந்தால் லாரி அனுப்பி டையை ஏற்றிக்கொண்டு போய் வேறு பட்டறையில் இறக்குவார்கள். புது இடத்தில் அந்த டை ஒழுங்காக ஓட வாரக்கணக்கில் ஆகும். பத்து டாலர் பெறாத ஒரு பிராக்கெட் இல்லாவிட்டால் அந்தக் காரின் அசெம்பிளி லைன் நிற்கும், ஜப்பான்காரர் லைனாக இருந்தாலும் சரி.

இதனால்தான் ஃபோர்டின் அப்போதைய தலைவர் ஆலன் முலாலி தனக்கு அவசரப் பணம் வேண்டாத நிலையிலும் மற்ற இருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்காகப் பேசினார். ஃபோர்டு 2006-லேயே தன் நீல நிற லோகோ உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் அடகு வைத்து 23 பில்லியனுக்கு மேல் கடன் திரட்டியிருந்தது. போட்டியாளர் ஒழிந்தால் சந்தோஷப்பட வேண்டிய ஆள். ஆனால் ஜிஎம் ஒரே நாளில் பூட்டினால் தன் சப்ளையர்களும் கூடவே போவார்கள் என்று அவருக்குத் தெரியும். அரசும் புரிந்துகொண்டுதான் 2009 மார்ச்சில் சப்ளையர் பாக்கிகளுக்கென்று தனியாக 5 பில்லியன் ஒதுக்கியது.

நாஷ்வில்காரருக்கு: ஜாப்ஸ் பேங்க் விஷயத்தில் உங்கள் பக்கம் நான். அதைக் காப்பாற்றிப் பேச எனக்கு வாய் வராது, 2009-இல் அது நின்றதே நல்லது. ஆனால் உங்கள் ஊர்த் தொழிற்சாலைகளுக்கு அரசு எதுவுமே கொடுக்காதது போலப் பேசுவது கொஞ்சம் ஓவர். 1993-இல் மெர்சிடிஸை இழுக்க அலபாமா மாநிலம் கொடுத்த சலுகை 253 மில்லியன் டாலர். அதுவும் வரிப்பணம்தான், முன்கூட்டியே கொடுத்தது. அப்போதைய உங்கள் செனட்டர் பாப் கார்க்கர், தொழிற்சங்கம் 2009-க்குள் கூலியை வெளிநாட்டுத் தொழிற்சாலை அளவுக்குக் குறைக்கும் தேதியைச் சொல்லட்டும் என்று நின்றார். சங்கம் 2011 என்றது. 2008 டிசம்பர் 11-இல் கார் கம்பெனிகளுக்குக் கடன் தரும் மசோதா செனட்டில் அதில்தான் முடங்கியது. எட்டு நாள் கழித்து புஷ், வங்கிகளுக்கு ஒதுக்கிய 700 பில்லியனிலிருந்து 17.4 பில்லியன் எடுத்துக் கொடுத்தார். ஒபாமா ஆரம்பித்தார் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை.

இன்னொன்று, 1980 கிரைஸ்லர். அந்தக் கடன் 1983-இலேயே, கெடுவுக்கு ஏழு வருஷம் முன்பே அடைந்துவிட்டது. அரசுக்கு 300 மில்லியனுக்கு மேல் லாபமும் வந்தது. உதாரணம் உங்களுக்கு எதிராகவே திரும்பும், கவனம்.

காகிதப்புலி:

பட்டறைக்காரர் சொன்னது பணம் யார் தந்தார்கள் என்பது. நான் கடன் சட்டப் பக்கம். யார் இழந்தார்கள் என்பதில்தான் எதிர்க்கட்சி வலுவாக இருக்கும்.

கிரைஸ்லருக்கு அடமானத்தின் பேரில் 6.9 பில்லியன் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது 2 பில்லியன், டாலருக்கு 29 சென்ட். அடமானம் ஏதும் இல்லாத சங்கத்தின் மருத்துவ நிதிக்குப் புதுக் கம்பெனியில் 55 சதவீதப் பங்கு. இந்தியானா மாநில ஓய்வூதிய நிதிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் ஒரு நாள் தடை வாங்கின, அவ்வளவுதான். ஜிஎம்மிலும் கிட்டத்தட்ட இதே கதை: அடமானம் இல்லாத 27 பில்லியன் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்குப் புது ஜிஎம்மில் 10 சதவீதப் பங்கு, சங்க நிதிக்கு 17.5, அமெரிக்க அரசுக்கு 60.8, கனடா தரப்புக்கு 11.7.

இதற்குப் பதில் உண்டு. பூட்டியிருந்தால் 29 சென்ட்கூடத் தேறியிருக்குமா சந்தேகம். பணம் போடுகிறவன் யாருக்கு எவ்வளவு என்று பேரம் பேசுவான், தனியார் முதலாளியும் தொழிலாளியை விட்டுவிட்டுத் தொழிற்சாலையை வாங்க மாட்டான். ஆனாலும் கிரைஸ்லரில் வரிசையில் முன்னால் நிற்பவனைத் தாண்டிப் பின்னால் நிற்பவனுக்கு அதிகம் போனது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

கடைசிபெஞ்ச்:

ரொம்ப நன்றி அண்ணா. இரண்டு சந்தேகம். பத்தரை பில்லியன் நஷ்டத்துக்கு மேடையில் என்ன சொல்ல? நீங்கள் 'சரி' என்கிறீர்கள், உங்களுக்கே பிடிக்காத பகுதி எது?

பட்டறைக்காரன்:

நஷ்டத்தை மறைக்காதே, முதல் நிமிடத்திலேயே நீயே சொல்லிவிடு. வேலையில்லாப் படி, நின்றுபோன வரி, ஓய்வூதியக் காப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்திருக்கும் சுமை எல்லாம் சேர்ந்தால் பூட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவு இதைவிடப் பெரியது என்பது வாதம். ஆன் ஆர்பரில் உள்ள கார் ஆராய்ச்சி மையம் 2013-இல் 105 பில்லியன் என்று ஒரு கணக்குப் போட்டது. அதைத் தூக்கிக்காட்டினால் 'தொழிலைச் சார்ந்த மையம்தானே' என்பார்கள், பார்த்துப் பயன்படுத்து. என்னைக் கேட்டால் எண்ணைவிட வருஷ விற்பனை பேசும்: 2007-இல் நாடு முழுக்க 1.6 கோடி வண்டி, 2009-இல் 1.04 கோடி. மூன்றில் ஒரு பங்கு சந்தை காணாமல் போனது நிர்வாகத்தின் தப்பு மட்டும் இல்லை. கடன் கிடைக்காமல் வண்டி வாங்க ஆள் வரவில்லை.

சங்கத்து ஆட்கள் 'மணிக்கு 70 டாலர்' வாங்கினார்கள் என்று யாராவது சொல்வார்கள். அதில் ஓய்வு பெற்றவர்களின் மருத்துவச் செலவெல்லாம் ஏற்றிய கணக்கு. கையில் வாங்கியது சுமார் 28, புதிதாகச் சேர்ந்தவருக்கு 14. ஒரே லைனில் ஒரே போல்ட்டை முடுக்கும் இருவருக்குள் பாதிக்குப் பாதி. அந்த விரிசல் பிறகு பல வருஷம் தீரவில்லை.

பிடிக்காத பகுதி கேட்டாய். டெல்ஃபி. 1999-இல் ஜிஎம் பிரித்துவிட்ட உதிரிபாகக் கம்பெனி. 2009-இல் அதன் ஓய்வூதியத் திட்டம் முறிந்தபோது, சங்கத்தில் இருந்தவர்களுக்குக் குறைந்ததைப் பழைய ஒப்பந்தத்தின்படி ஜிஎம் ஈடுகட்டியது. சங்கம் இல்லாத மாதச் சம்பள ஆட்கள், எஞ்சினியர், கணக்கர், மேற்பார்வையாளர் என்று சுமார் 20,000 பேர், அரசுக் காப்பீட்டின் உச்சவரம்புக்குள் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே தொழிற்சாலை, அதே வருஷங்கள். அவர்கள் வழக்கை உச்ச நீதிமன்றம் 2022-இல் எடுக்க மறுத்துவிட்டது. ஒப்பந்தம் இருந்தது, சட்டப்படி சரி என்பார்கள். முதலாளி இடத்தில் அரசே உட்கார்ந்திருந்த நேரத்தில் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

எதிர்க்கட்சியில் விவரம் தெரிந்தவன் இருந்தால் டெல்ஃபியைத்தான் எடுப்பான். ஒத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போ, அங்கே சமாளிக்கப் பார்க்காதே. கடன் பத்திரக் கேள்வி வந்தால் காகிதப்புலி எழுதிக்கொடுத்த பதில் இருக்கிறது.