காதுக்குள் ஒளியும் கருவியை வாசலிலேயே பிடிக்க வழி உண்டா?

காவலர் எழுத்துத் தேர்வு நடக்கும் ஒரு மையத்தின் பொறுப்பாளர் நான். அடுத்த தேர்வுக்கு மூன்று வாரங்களே இருக்கின்றன. போன முறை, தேர்வு முடிந்து வெளியே வந்த ஒருவரின் காதிலிருந்து மிளகைவிடச் சிறிய காந்த மணி ஒன்று உதிர்ந்தது.

சட்டைக்குள் கழுத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள். மறைத்துவைத்த கைப்பேசியிலிருந்து ப்ளூடூத் வழியாக வரும் குரலை அது காந்தப் புலமாக மாற்றுகிறது; மணி காதுக்குள் அதிர்ந்து ஒலிக்கிறது. மணியில் மின்கலம் இல்லை, அது எந்த அலையையும் வெளியிடுவதும் இல்லை. திருடனுக்குத்தான் எத்தனை பொறுமை!

கைரேகையும் புகைப்படமும் ஆள்மாறாட்டத்தை ஓரளவு அடக்கிவிட்டன. நான்கு வகை வினாத்தாள் பக்கத்து இருக்கையைப் பார்த்து எழுதுவதைத் தடுக்கிறது. காதில் வரும் குரலை அது என்ன செய்யும்? கையடக்க உலோகங்காட்டி பொத்தானுக்கும் பெல்ட்டுக்கும் அலறி அலறி, ஊழியர்களே அதைப் பொருட்படுத்துவதில்லை. வாடகைக்கு எடுத்த அலைத்தடுப்பான் பழையது, 4ஜி தாராளமாகக் கிடைத்தது. டார்ச் அடித்தும் பார்த்தோம். மணி செவிப்பறை அருகே போய்விட்டால் தெரிவதில்லை.

அறைக்குள் தெரிந்த ஒரே அறிகுறி: சிலர் முதல் 40 நிமிடம் பேனாவையே தொடவில்லை, பிறகு வினாத்தாளைப் பார்க்காமலே விடைத்தாளை நிரப்பினார்கள்.

மொத்தம் 600 பேர், ஆறு வரிசைகள், சோதனைக்கு ஒரு மணி நேரம். உடலைத் தொடாமல், ஒருவருக்கு 36 நொடிக்குள், சுருளையோ மணியையோ காட்டிக்கொடுக்கும் கருவி அல்லது முறை எதையாவது நீங்களே பயன்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா?