விஏஓ ஆகணும்ங்கிறான், வீட்ல ஜவுளிக்கடைக்குப் போகச் சொல்றாங்க. எது சரி?

கேட்டவர்: கொட்டாம்பட்டியான்

எங்க ஊர்ப் பையன் ஒருத்தனுக்காகக் கேக்குறேன். அரசுப் பள்ளியில பிளஸ் டூ காமர்ஸ், 418 மார்க். இப்ப வயசு 17, வர்ற கார்த்திகையில 18 முடியுது. அப்பா லோடுமேன், இடுப்பு போனதுல ஆறு மாசமா வேலைக்குப் போகல. அம்மா நூறு நாள் வேலை. தங்கச்சி ஒன்பதாவது. வெளியில 80,000 கடன், அஞ்சு வட்டி. வீட்டுக்கு மாசம் 8,000 வந்தாகணும்ங்கிறாங்க. மதுரையில ஒரு ஜவுளிக்கடையில 11,000 சம்பளம், சாப்பாடு, தங்குற எடம் தர்றாங்களாம். அவனுக்கோ விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர் ஆகணும்.

கடைக்குப் போய்க்கிட்டே படிக்க முடியுமா? மேலூர் அரசுக் கல்லூரியில சேர்றதா? இல்ல தபால்ல டிகிரி போட்டுட்டு கோச்சிங் போறதா? "மனசு வச்சா முடியும்"னு யாரும் சொல்ல வேணாம், கணக்கோட சொல்லுங்க.

பதில்: வைகைக்கரை

முதல்ல வயதைப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். விஏஓ வேலைக்கு டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பத்தாம் வகுப்பு போதும். ஆனால் அதில் வரும் விஏஓ பதவிக்குக் குறைந்தபட்ச வயது 21. இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்றவற்றுக்கு 18. அறிவிப்பு வரும் ஆண்டின் ஜூலை 1 அன்று அந்த வயது முடிந்திருக்க வேண்டும். பையனுக்குக் கார்த்திகையில்தான் 18 என்றால் இந்த வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. அடுத்த வருடம் இளநிலை உதவியாளருக்கு எழுதலாம். விஏஓ என்றால் நாலு வருடம் கழித்துத்தான். அதாவது டிகிரி முடிக்கிற நேரமும் விஏஓ வயதும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. இப்போது கல்லூரியை விட்டுவிட்டு கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதில் எந்த லாபமும் இல்லை.

தேர்வு 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். நேர்முகத் தேர்வு கிடையாது. அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு. தமிழில் 40 சதவீதம், அதாவது 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதற்காக 60 எடுத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை வாங்குகிறவர்கள் தமிழில் 90 கேள்விக்கு மேல் சரியாகப் போடுகிறவர்கள். 6 முதல் 10 வரை அரசுப் பாடநூல்தான் அடித்தளம். பாடத்திட்டம் இடையில் மாறியிருக்கிறது, பழைய கைடை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

காமர்ஸ் பையன்கள் சறுக்குவது அறிவியலிலும் கணக்கிலும். மீ.பொ.வ, மீ.சி.ம, விகிதம், சதவீதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, வேலையும் நேரமும் என்று கணக்கில் வருகிற தலைப்புகள் குறைவுதான். தினம் 10 கணக்கு, ஒரு வருடம் விடாமல் போட்டால் 25க்கு 22 வரும். டெலிகிராமில் வருகிற பிடிஎஃப்களைச் சேர்த்து வைப்பதைப் படிப்பென்று நினைத்துவிடக் கூடாது.

புத்தகத்துக்குச் செலவு வேண்டாம். மதுரை புதுநத்தம் சாலையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்கென்றே தனிப் பகுதி உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் பயிற்சியும் இலவசம்.

பதில்: கணக்குப்பிள்ளை

மேல சொன்னது எல்லாம் சரிண்ணே. ஆனா இந்தப் பையனோட நாலு வருசத்தைத் தீர்மானிக்கப் போறது குரூப் 4 இல்ல, அந்த அஞ்சு வட்டிதான்.

80,000க்கு அஞ்சு வட்டின்னா மாசம் 4,000, வருசம் 48,000. அசல்ல ஒத்தப் பைசா குறையாது. நீங்க சொன்ன 8,000ல இந்த வட்டியும் சேர்ந்திருக்கும்னு எடுத்துக்குறேன். அப்ப பையன் கடையில நிக்கிறதே பாதி வட்டிக்காரருக்காகத்தான். வீட்ல ரெண்டு பவுன் நகை இருந்தா கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வச்சு அந்தக் கடனை ஒரே மூச்சுல அடைங்க. வருசத்துக்கு 10 சதவீதம்னு வச்சாலும் வட்டி 8,000, மாசம் 670 கிட்ட. தேவை 8,000லேருந்து 4,700க்கு இறங்கிரும்.

கடனை அடைக்கும்போது எழுதிக் கொடுத்த புரோ நோட்டு, கையெழுத்துப் போட்ட வெத்துப் பத்திரம், செக் இருந்தா அதுவும், ரெண்டு பேர் முன்னாடி திருப்பி வாங்கிக்கங்க. "நாளைக்குத் தர்றேன்"னா பணத்தையும் நாளைக்கே குடுங்க. தராம இழுத்தடிச்சா 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கு, போலீஸ்ல மனு குடுக்கலாம். இன்னொண்ணு, நகைக் கடனை 12 மாசத்துல திருப்பணும், இல்ல வட்டி கட்டியாவது மாத்தி வைக்கணும். மறந்தா நகை ஏலத்துக்குப் போயிரும்.

அடுத்து, தமிழ்ப் புதல்வன் திட்டம். 6லேருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பையன் கல்லூரி சேர்ந்தா மாசம் 1,000. தபால் டிகிரிக்குக் கிடையாது. அதனாலயே மேலூர் கல்லூரிக்குத்தான் என் ஓட்டு. பணம் ஆதார் இணைச்ச அவனோட சொந்தக் கணக்குக்குத்தான் வரும். பிளஸ் டூ மார்க் சீட்ல ஒரு இனிஷியல், ஆதார்ல வேற இனிஷியல்னு இருந்தா இப்பவே திருத்துங்க, சேர்ந்த பிறகு அலையாதீங்க. தங்கச்சிக்கும் பின்னாடி புதுமைப் பெண்ல இதே 1,000 உண்டு.

மிச்சம் 3,700. சனி, ஞாயிறுன்னு மாசம் எட்டு நாள், நாளுக்கு 500 கெடைக்கிற வேலை ஒண்ணு இருந்தா அது முடிஞ்சுபோச்சு. முகூர்த்த நாள்ல பந்தி பரிமாறப் போகலாம், மேலூர் பஜார்ல கடை இருக்கு. சித்திரை, வைகாசி லீவுல வேணும்னா அந்த ஜவுளிக்கடைக்கே போகட்டும், அந்தச் சம்பளம் நகையோட அசலுக்கு.

வருசம் முழுக்க கடைன்னா படிப்பு ஓடாது. காலையில 9 மணிக்கு ஏறி ராத்திரி 10க்கு எறங்குற வேலை. உக்கார எடம் குடுக்கணும்னு 2021ல சட்டம் வந்துச்சு, நாற்காலியைத்தான் காணோம். குரூப் 4 தேர்வு 2024ல ஜூன் 9, 2025ல ஜூலை 12. கடைசி மாசம் திருப்பிப் பாக்குற நேரத்துல ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு எறங்கிட்டிருக்கும், லீவு கேட்டா வேலை போயிரும்.

பதில்: தட்டச்சு அக்கா

யாரும் டைப்பிங்கைச் சொல்லலையே! குரூப் 4ல் தட்டச்சர் பதவிக்குப் போட்டி குறைவு. தமிழ், இங்கிலீஷ் டைப்பிங் ரெண்டிலும் ஹையர், அதாவது மேல்நிலைப் பரீட்சை முடித்து வைத்திருப்பவர்கள் எண்ணிக்கை சின்னது என்பதால் கட் ஆஃப் இளநிலை உதவியாளரைவிட இறங்கித்தான் நிற்கும். மூன்று வருடக் கல்லூரிக் காலத்தில் நாலு பரீட்சையையும் தாராளமாக முடிக்கலாம்.

லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் 45. அஞ்சு தட்டல் ஒரு வார்த்தை. பத்து நிமிட ஸ்பீடு தாளில் லோயருக்கு 1,500 தட்டல். பரீட்சை பிப்ரவரி, ஆகஸ்ட் என வருடத்துக்கு இரண்டு முறை. முதலில் இங்கிலீஷ் லோயர், பிறகு தமிழ் லோயர், அதன் பின் ஹையர்கள். தினம் ஒரு மணி நேரம் போதும்.

கெட்டுப்போவது முதல் மாதத்தில்தான். ஏ எஸ் டி எஃப் வரிசையைப் பக்கம் பக்கமாக அடிப்பது சலிப்பாக இருக்கும். பையன்கள் எழுத்தைக் குனிந்து பார்த்து இரண்டு விரலில் வேகம் காட்டுவார்கள். அந்தக் கை 25 வார்த்தையிலேயே நின்றுவிடும், பிறகு திருத்தவும் முடியாது. சுண்டுவிரல் வலிக்கிறது என்றால் சரியாக அடிக்கிறான் என்று அர்த்தம்.

கூடவே அரசின் ஆபீஸ் ஆட்டோமேஷன் என்ற கம்ப்யூட்டர் சான்றிதழும் வேண்டும். அதைக் கடைசி வருடத்தில் எழுதினால் போதும்.

கொட்டாம்பட்டியான்

ரொம்ப நன்றி. வட்டி அந்த 8,000ல சேர்ந்ததுதான். அம்மாகிட்ட மூணு பவுன் இருக்கு, தாலிக்கொடி நீங்கலா. பேசிப் பாக்குறேன். ஒரு சந்தேகம்: தமிழ் வழியில படிச்சவங்களுக்கு அரசு வேலையில 20 சதவீத ஒதுக்கீடு இருக்குல்ல? இவன் ஒண்ணாவது, ரெண்டாவது மட்டும் பக்கத்து நர்சரியில இங்கிலீஷ் மீடியம்.

பதில்: வைகைக்கரை

அப்படியென்றால் கிடைக்காது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4க்கு 1 முதல் 10 வரை கணக்கு. இடையில் ஒரு வருடம் மாறினாலும் போச்சு. யாராவது தலைமையாசிரியரைப் பிடித்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுங்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டினால் தேர்வே எழுத முடியாமல் போகும். பொது ஒதுக்கீட்டிலும், சாதிச் சான்றிதழ்படியும் அவனுக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது.

தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன் டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் செய்ய வேண்டிய ஒருமுறைப் பதிவை 18 முடிந்த பிறகு செய்யச் சொல்லுங்கள். கட்டணம் 150, அஞ்சு வருடம் செல்லும். பிரவுசிங் சென்டரில் செய்தாலும் இமெயிலும் செல்போன் எண்ணும் அவனுடையதாகவே இருக்கட்டும். சென்டர்காரர் தன் இமெயிலைப் போட்டுவிடுவார், ஹால் டிக்கெட் எடுக்கும்போது ஓடிபி அவருக்குப் போகும், அன்றைக்குக் கடை பூட்டியிருக்கும்.