பிடரியில் ஆரம்பிக்கிற தலைவலிக்குக் கழுத்தெலும்புதான் காரணமா?

பூம்பாறைக்காரி:
பூண்டு சீசன் வந்தாலே எனக்குத் தலைவலியும் வந்துவிடுகிறது. குனிந்தபடியே தரம் பிரித்துக் கட்டுக் கட்டும்போது வலது பிடரியில் பிடிக்கும். அப்புறம் காதுக்குப் பின்னால் ஏறிக் கண்ணுக்குள் குத்தும். கொடைக்கானல் பஸ்ஸில் கழுத்தைத் திருப்பினால் இன்னும் மோசம். கண்ணில் கோளாறு இல்லையாம். வீட்டில் ‘பனி, குல்லா போடு’ என்கிறார்கள். குல்லாவோடுதான் வலிக்கிறது!

ஊட்டி பிசியோ:
அக்கா, ஒரே பக்கம், கழுத்தைத் திருப்பினால் கூடுகிறது என்றால் கழுத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். மேல்கழுத்தின் மூன்று நரம்புகளும் முகத்து உணர்வு நரம்பும் ஒரே இடத்தில் போய்ச் சேருவதால் கழுத்து வலி கண்ணில் தெரியும். ஆனால் ஒற்றைத் தலைவலியிலும் பிடரி பிடிக்கும். எக்ஸ்ரேயில் ‘தேய்மானம்’ என்று வந்தால் உடனே அதன்மேல் பழி போடாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு. பூண்டை உயரத்தில் வையுங்கள், அடிக்கடி எழுந்திருங்கள்.

கோத்தகிரி பெரியவர்:
மாத்திரைக் கணக்கை யாரும் கேட்கவில்லையே! பாராசிட்டமாலே மாதம் 15 நாள், அதுவும் மாதக்கணக்கில் போட்டால் தலைவலியைக் கொடுக்கும். திடீரென்று மண்டை பிளக்கிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை மரத்தல் என்றால் விடியட்டும் என்று இருக்காதே அம்மா.

பூம்பாறைக்காரி:
கேரட் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன். சலூனில் செய்கிற மாதிரி கழுத்தில் நெட்டி எடுத்துவிடட்டுமா என்கிறார் வீட்டுக்காரர்.

ஊட்டி பிசியோ:
வேண்டவே வேண்டாம். அரிதாக ரத்தக்குழாயே கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.