ஒழுங்கையில் சிரமதானமாகப் பூச்செடி நடுவது: எதை முதலில் செய்ய வேண்டும்?

கேள்வி: வெள்ளவத்தை வாசி

அனைவருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலோர மரைன் டிரைவ் நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் நாங்கள் குடியிருக்கின்றோம். ஒரு பக்கம் மாடிக் குடியிருப்புகளின் மதில், மறுபக்கம் பழைய வீடுகள், இடையில் கொங்கிரீட் மூடி போட்ட வடிகான். மதிலோரமாக உள்ள ஒடுக்கமான மண் துண்டில் இப்போது கட்டட உடைசல்களும் குப்பைப் பைகளும்தான் கிடக்கின்றன. அதைத் துப்புரவாக்கி, அயலவர்களைச் சேர்த்து ஒரு சிரமதானம் நடத்தி, பூச்செடிகள் நட வேண்டும் என்பது எங்கள் விருப்பம். மாடிக் குடியிருப்பின் இளைஞர்கள் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்கள். ஏனையோர் நல்ல யோசனை என்று தலையாட்டுவதோடு நின்றுவிடுகின்றார்கள். அனுமதி பெற வேண்டுமா, எந்தச் செடிகள் கடற்காற்றைத் தாங்கும், எந்த மாதத்தில் தொடங்குவது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கொட்டாஞ்சேனைக்காரன்

செடி வாங்கப் போகுமுன் அந்த மண் துண்டு யாருடையது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உள் ஒழுங்கைகள் பெரும்பாலும் மாநகர சபையின் பொறுப்பில் இருப்பவை. காலி வீதி போன்ற பிரதான வீதிகளின் ஓரம் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தது. மதிலை ஒட்டிய துண்டு சில வேளைகளில் மாடிக் குடியிருப்பின் வளவுக்குள்ளேயே அடங்கியிருக்கும், அப்படியானால் அதன் முகாமைத்துவக் குழுவின் சம்மதம் வேண்டும். கிராம அலுவலரிடம் ஒரு தடவை பேசிவிட்டு, இடத்தின் படத்தையும் செய்யப்போகும் வேலையையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதி மாநகர சபையில் கையளித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட பிரதியைக் கையில் வைத்திருங்கள். பிறகு யாராவது வந்து கேள்வி கேட்டால் அந்தத் தாள்தான் பேசும்.

கான் மூடிகளின் மேல் எந்தச் சாடியையும் வைக்க வேண்டாம். எங்கள் பகுதியில் மூடிகளின் மேல் வரிசையாகச் சாடிகளை அடுக்கி அழகு பார்த்தோம். கான் துப்புரவாக்க வந்த தொழிலாளர்கள் அத்தனையையும் தூக்கி ஒரு மூலையில் குவித்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, மழைக்கு முன் மூடியைத் திறந்தே ஆக வேண்டும். தோண்டும்போதும் கவனம் தேவை: வீடுகளுக்குச் செல்லும் நீர்க்குழாய்கள் சில இடங்களில் மிக மேலாகவே கிடக்கும், ஆகவே அலவாங்கை ஓங்கிக் குத்தாமல் மண்வெட்டியால் மெதுவாகக் கிளறுவது நல்லது.

பதில் 2: பூச்சாடி

மாதத்தைப் பற்றிப் பலரும் மே மாதம் என்றுதான் சொல்வார்கள், மழை தொடங்குகின்றதே என்ற கணக்கில். உங்கள் ஒழுங்கை கடலுக்கு நேரே திறந்திருப்பதால் நான் அதற்கு உடன்பட மாட்டேன். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை கடலிலிருந்து உப்பைச் சுமந்துகொண்டு வீசும்; வேர் பிடிக்காத இளஞ்செடியின் இலை நுனிகள் ஒரு கிழமைக்குள் கருகிவிடும். ஒக்டோபரில் நட்டால், அந்த மாதமும் நவம்பரும் கொழும்புக்கு நல்ல மழை கிடைக்கும், காற்றின் வேகமும் குறைவு. ஜனவரி, பெப்ரவரி வறட்சி வருவதற்குள் செடி ஓரளவு காலூன்றிவிடும்.

கடற்பக்க முனையில் போகன்வில்லாவும் பட்டிப்பூவும் கற்றாழையும் தாக்குப்பிடிக்கும். மணற்பாங்கான இடம் இருந்தால் அடம்பன் கொடியை ஓட விடலாம், திரண்டால் மிடுக்கு என்று நம் பழமொழி அதைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. உள்ளே காற்று மறைவான பகுதிக்குச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் குரோட்டனும் போதும். அலரி அழகாகத்தான் இருக்கும், உப்பையும் தாங்கும். ஆனால் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு என்பதால், பிள்ளைகள் விளையாடும் ஒழுங்கைக்கு வேண்டாம். உடைசல் கிடந்த மண்ணில் நேரடியாக நட வேண்டாம். ஓரடி ஆழத்துக்குக் கல்லும் சீமெந்துக் கட்டியும் அகற்றி, செம்மண்ணோடு கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்து நிரப்புங்கள்.

நுளம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 இல் நாட்டில் 186,000 க்கும் மேற்பட்ட டெங்குத் தொற்றுகள் பதிவாகின, அதில் கொழும்பின் பங்கு பெரிது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி, நுளம்பு பெருகும் இடம் தம் வளவில் இருந்தால் அதன் உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் பதில் சொல்ல வேண்டும். சாடிக்கு அடியில் தட்டு வைப்பது, இலைக்கக்கத்தில் நீரைத் தேக்கும் புரோமிலியாட் வகைகளை நடுவது, வர்ணம் பூசிய டயர்களைத் தொட்டியாக்குவது ஆகிய மூன்றையும் தவிருங்கள். டயரில் மண் நிரப்பிவிட்டால் பிரச்சினை இல்லை என்பார்கள். உள் விளிம்பின் வளைவுக்குள் மண் இறங்காது, அங்கே ஒரு கிண்ணம் அளவு நீர் நின்றாலே குடம்பிகளுக்குப் போதுமானது. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள்தான் ஆகும் என்பதால், வாரத்துக்கு ஒரு தடவையாவது சுற்றிப் பார்க்கும் வழக்கம் வேண்டும்.

பதில் 3: தெஹிவளை ஆசிரியை

மேலே இருவரும் மண்ணையும் செடியையும் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இத்தகைய முயற்சிகள் படுத்துவிடுவது ஆட்களால்தான். நடும் நாளில் படம் எடுப்பதற்கு நிறையப் பேர் வருவார்கள். பெப்ரவரியில் வாளி தூக்க வருபவர் யார் என்பதை முதலில் தீர்மானித்து, அந்த எண்ணிக்கைக்கு ஏற்பவே செடி வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு ஐந்து செடி என்று பொறுப்புக் கொடுத்தால் அதற்கு மேல் ஒன்றும் நட வேண்டாம். வாடகைக்கு இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பெயர் இருப்பது நல்லது.

உங்கள் ஒழுங்கையில் தமிழர் மட்டும் இருக்க மாட்டார்கள். அறிவித்தலைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே தாளில் எழுதுங்கள், வட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நின்றுவிடாமல் கதவைத் தட்டியும் கொடுங்கள். ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலை, தேவாலயம், ரியூசன் என்று பிள்ளைகள் எவரும் கிடைக்க மாட்டார்கள். போயா தினம் விடுமுறையானாலும் பௌத்த அயலவர்கள் பன்சலைக்குப் போவார்கள். ஞாயிறு பிற்பகல் நான்கு மணி பொருத்தமானது, வெயில் தாழ்ந்த நேரத்தில் நட்ட செடி வாடுவதும் குறைவு.

வெள்ளவத்தை வாசி

மிக்க நன்றி. ஒக்டோபர் என்றே வைத்துக்கொள்கின்றோம். ஒரு சந்தேகம்: நீர் எங்கிருந்து எடுப்பது? மாடிக் குடியிருப்பின் குழாயைக் கேட்டால் நீர்க்கட்டணத்தைப் பற்றிப் பேச்சு வருகின்றது.

பதில் 4: கொட்டாஞ்சேனைக்காரன்

வரத்தான் செய்யும். அரிசி, பருப்புக் கழுவிய நீரை ஒவ்வொரு வீடும் தன் ஐந்து செடிகளுக்கு ஊற்றினால் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். வறட்சி மாதங்களுக்கு மட்டும் குழாயைக் கேளுங்கள், அதற்கு ஒரு சிறு தொகையை எல்லாரும் பகிர்ந்து முகாமைத்துவக் குழுவிடம் முன்கூட்டியே கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மழைநீரைப் பீப்பாயில் சேர்ப்பதென்றால் வாயை நுண்ணிய வலையால் இறுக்கிக் கட்டாமல் வைக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.