குளிர்காலத்துக்குப் பின் திறந்த தரைமேல் நீச்சல் குளம்: பம்ப் காற்றை இழுக்கிறது, குளோரின் நிற்கவில்லை

கேள்வி

வணக்கம். எங்களுடையது தரைக்கு மேல் நிற்கும் வட்ட வடிவ நீச்சல் குளம். குறுக்களவு 5.5 மீட்டர், நீரின் ஆழம் 1.2 மீட்டர். உள்ளே வினைல் லைனரும், வெளியே ஒரு சிறிய பம்பும் மணல் ஃபில்டரும் உள்ளன. குளிர் தொடங்குமுன் மூடி வைத்த குளத்தை இப்போதுதான் திறந்திருக்கிறோம். இடையில் அடித்த காற்றில் மூடியின் கம்பி ஒரு பக்கம் தளர்ந்துவிட்டதால், இலைகளும் மூடிமேல் தேங்கியிருந்த அழுக்கு நீரும் உள்ளே இறங்கிவிட்டன. தண்ணீர் அடர்பச்சையாக இருக்கிறது; கையை முழங்கை வரை விட்டால் விரல்கள் தெரிவதில்லை.

இரண்டு சிக்கல்களுக்கு உதவி வேண்டும். முதலாவது, பம்ப் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் வாயில் இடைவிடாமல் குமிழிகள் வருகின்றன; பம்பின் முன்னால் உள்ள வடிகூடைக் கிண்ணம் முழுதாக நிரம்புவதே இல்லை. இரண்டாவது, மாலையில் திரவக் குளோரின் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் சோதித்தால் அளவு பூஜ்யமாக இருக்கிறது. மீண்டும் ஊற்றியும் அதே நிலைதான். பிஎச் 8.0, காரத்தன்மை 110 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு). தண்ணீரை முழுவதும் வடித்துவிடலாம் என்று ஒருவரும், பாசிக்கொல்லி ஊற்றலாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எதையும் செய்வதற்கு முன் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி (பம்ப் பழுது பார்ப்பவர்)

வணக்கம் ஐயா. முதல் சிக்கலை முதலில் தீர்த்துவிடுங்கள். தண்ணீர் ஓடாத குளத்தில் எந்த மருந்தும் சமமாகக் கலக்காது.

குமிழி வருகிறதென்றால் பம்புக்கு முன்னால், அதாவது உறிஞ்சும் பக்கத்தில், எங்கோ காற்று நுழைகிறது என்று பொருள். பம்புக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே பீறிடுமே தவிர, காற்று உள்ளே வராது. முதலில் நீர்மட்டத்தைப் பாருங்கள்: ஸ்கிம்மர் (குளத்தின் சுவரில் மேற்பரப்பு நீரை இழுக்கும் திறப்பு) வாயின் பாதி உயரத்துக்காவது தண்ணீர் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கிம்மரே சுழித்துக் காற்றை விழுங்கும். மட்டம் சரியாக இருந்தால், குளிர்காலத்துக்காகக் கழற்றி வைத்த பாகங்கள்மேல்தான் சந்தேகம் விழ வேண்டும்: வடிகூடை மூடியின் ரப்பர் வளையம், பம்பின் அடியில் உள்ள வடிகால் திருகுகள், ஹோஸ் குழாயை இறுக்கும் கிளாம்ப்.

தரைமேல் குளத்தில் கண்டுபிடிப்பது எளிது, ஏனென்றால் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பம்பை நிறுத்தி, வால்வுகளைத் திறந்தபடியே விட்டு, காய்ந்த காகிதத் துண்டால் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். பம்ப் ஓடும்போது காற்றை இழுக்கும் அதே இடுக்கு, பம்ப் நின்றிருக்கும்போது பெரும்பாலும் தண்ணீரைக் கசிய விடும்; காகிதத்தில் ஈரம் படும் இடம்தான் உங்கள் ஓட்டை. அப்படியும் தெரியாவிட்டால் பம்பை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பின்மேலும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்; எந்த இடத்தில் ஊற்றும்போது குமிழி சற்றே நிற்கிறதோ அந்த இடம்.

ரப்பர் வளையத்தை விரலால் வளைத்துப் பார்த்து, வெடிப்போ தட்டையாகிப் போன பகுதியோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்தால் சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவுங்கள். பெட்ரோலியத்தில் செய்த கிரீஸ்கள் ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். திருகு மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றலாம்; ரப்பர் வளையம் உள்ள திருகில் அது தேவையில்லை. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: ஃபில்டரின் பல்முனை வால்வைத் திருப்பும்போதெல்லாம் பம்ப் நின்றிருக்க வேண்டும், ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் பிய்ந்துவிடும்.

மறுமொழி (மற்றொரு குளம் உரிமையாளர்)

இவ்வளவு சிரமம் எதற்கு? தண்ணீர் முழுவதையும் இறைத்து, லைனரைத் தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்பினால் ஒரே வேலையில் முடிந்துவிடும். பச்சைத் தண்ணீரோடு போராடுவதைவிட அது மேல் என்பது என் கருத்து.

மறுமொழி (நீர்ச் சோதனை ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

முழுவதும் வடிப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன், நண்பரே. தரைமேல் குளத்தின் வினைல் லைனர் தண்ணீரின் எடையால்தான் தன் இடத்தில் விரிந்து நிற்கிறது. எடை போனதும் அது சுருங்கும். பழைய லைனராக இருந்து குளிரும் சேர்ந்துகொண்டால் மறுபடி நிரப்பும்போது ஸ்கிம்மர் வாயில் கிழியக்கூடும். மெல்லிய தகட்டுச் சுவரும் வெறுமையாக நிற்கும்போது பலத்த காற்றில் நெளிந்துவிடலாம். பச்சை நிறம் என்பது சரிசெய்யக்கூடிய ஒன்று. கிழிந்த லைனர் அப்படியல்ல.

இனிக் கேட்டவருக்கு. ஊற்றிய குளோரின் இரவுக்குள் முழுவதும் காணாமல் போவதற்குப் பாசியும் இலைகளும் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மேலும் மேலும் ஊற்றுவதற்கு முன் மூன்று விஷயங்களைச் சோதித்துச் சொல்லுங்கள்.

ஒன்று, பூஜ்யம் என்பது மெய்யான பூஜ்யமா என்பது. டிபிடி மருந்து இட்டு இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்க்கும் சோதனையில், குளோரின் மிக அதிகமாக இருந்தாலும் நிறம் வெளிறிப்போய்ப் பூஜ்யம்போலவே தோன்றும். மருந்து விழும் கணத்தில் சிவப்பு மின்னி மறைகிறதா என்று கூர்ந்து பாருங்கள். மின்னி மறைந்தால் குளோரின் அதிகம். மின்னவே இல்லையென்றால் மெய்யாகவே இல்லை.

இரண்டு, எதனோடும் பிணையாத தனிக் குளோரினோடு மொத்தக் குளோரினையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் அம்மோனியா போன்ற பொருள்களோடு பிணைந்துபோன குளோரின்.

மூன்று, சயனூரிக் அமிலத்தின் அளவு. வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் இந்தப் பொருள் சென்ற பருவத்தின் இறுதியில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது? மாதிரி நீரை அறையின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பின் சோதியுங்கள், குளிர்ந்த நீரில் அந்தச் சோதனை சரியாக வராது. மீன்தொட்டிக்கு விற்கும் அம்மோனியா சோதனை கிடைத்தால் அதையும் செய்யுங்கள்.

இதற்கிடையே இலைகளை வலையால் அள்ளுங்கள். அடியில் அழுகும் இலைகள் இருக்கும்வரை குளோரின் அவற்றையே தின்றுகொண்டிருக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. காகிதத் துண்டு உடனே காட்டிக்கொடுத்தது: பம்பின் வடிகால் திருகு ஒன்றில் இருந்த வளையம் கல்போல இறுகிப்போயிருந்தது. புதியதை மாட்டியதும் கிண்ணம் மூடிவரை நிரம்பியது. திரும்பும் வாயில் சிறிது நேரம் மீதமிருந்த காற்று வந்து, பிறகு நின்றுவிட்டது.

இலைகளை அள்ளிவிட்டேன். அடியில் படிந்திருந்த சேற்றை ஃபில்டர் வழியே விடாமல், வால்வைக் கழிவு நிலையில் வைத்து உறிஞ்சி வெளியேற்றினேன். குறைந்த நீரை மறுபடி நிரப்பிவிட்டேன்.

சோதனை முடிவுகள் இவை: தனிக் குளோரின் 0, சிவப்பு மின்னவே இல்லை. மொத்தக் குளோரின் 4 பிபிஎம். சென்ற பருவத்தின் இறுதியில் சயனூரிக் அமிலம் 40 பிபிஎம் என்று குறித்து வைத்திருக்கிறேன். இப்போது சோதனைக் குழாய் நிரம்பும்வரை மருந்து கலந்த மாதிரி நீரை ஊற்றியும் அடியிலுள்ள கரும்புள்ளி தெளிவாகவே தெரிகிறது, அதாவது அளக்கும் அளவுக்கு எதுவுமில்லை. அம்மோனியா 3 பிபிஎம் காட்டுகிறது.

மறுமொழி (நீர்ச் சோதனை ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

இப்போது காரணம் தெளிவாகிவிட்டது. குளிர்காலத்தில் குளோரின் தீர்ந்துபோன பின், மண்ணிலிருந்து வந்த நுண்ணுயிர்கள் சயனூரிக் அமிலத்தைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றியிருக்கின்றன. நீங்கள் ஊற்றும் குளோரின் அந்த அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைனாகிவிடுகிறது. அதனால்தான் தனிக் குளோரின் பூஜ்யமாகவும் மொத்தக் குளோரின் 4 ஆகவும் இருக்கின்றன. இதற்குப் பாசிக்கொல்லி எந்த வகையிலும் உதவாது.

அம்மோனியாவை முழுவதும் எரித்துத் தீர்க்க, நடைமுறையில் அதன் அளவைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு குளோரின் வேண்டும். உங்கள் குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 28,500 லிட்டர். லிட்டருக்கு 100 கிராம் குளோரின் உள்ள திரவமாக இருந்தால், 10 பிபிஎம் ஏற்ற மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். 3 பிபிஎம் அம்மோனியாவுக்கு எட்டரை லிட்டரும், பாசிக்காக அதற்கு மேலும் எதிர்பாருங்கள். மருந்தைச் சிறிது சிறிதாக ஊற்றியதால்தான் அம்மோனியா முழுவதும் எரியும் அளவை எட்டுமுன்பே அது தீர்ந்துகொண்டிருந்தது.

குளோரினுக்கு முன்னால் பிஎச்சை 7.2-க்குக் கொண்டுவாருங்கள். குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டியபின் பிஎச் சோதனையை நம்ப முடியாது என்பதால் இந்த வரிசை முக்கியம். பம்ப் ஓடும்போது, பிஎச்சைக் குறைக்கும் அமிலத்தைத் திரும்பும் வாயின் முன்னால் மெல்ல ஊற்றுங்கள். அமிலமும் குளோரினும் ஒரே வாளியிலோ ஒரே கரண்டியிலோ படவே கூடாது. சேர்ந்தால் நச்சுவாயு வெளிப்படும். அமிலம் நன்கு கலந்த பின்னரே குளோரின் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

பிறகு மாலையில் 10 பிபிஎம்முக்கு வேண்டிய குளோரினை ஊற்றி, பத்து நிமிடம் கழித்துத் தனிக் குளோரினை அளவுங்கள். ஊற்றியதில் பாதிக்கும் குறைவாக நின்றால் மறுபடி அதே அளவை ஊற்றி, மறுபடி பத்து நிமிடம் கழித்து அளவுங்கள். பாதிக்குமேல் நிற்கத் தொடங்கும்போது அம்மோனியா தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

அதன்பின் 30 பிபிஎம்முக்கு 850 கிராம் அளவில் சயனூரிக் அமிலத்தைக் காலுறையில் கட்டித் திரும்பும் வாயின் முன்னால் தொங்கவிடுங்கள். அது கரையச் சில நாள்கள் ஆகும். அந்த நிலையில் தனிக் குளோரினை 12 பிபிஎம் அளவில் தொடர்ந்து வைத்துக்கொண்டு, பம்பை நிறுத்தாமல், சுவரையும் தரையையும் நாள்தோறும் தேயுங்கள். மாத்திரை வடிவக் குளோரினை இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் அதில் 10 பிபிஎம் குளோரினோடு 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேர்ந்து வரும். சயனூரிக் அமிலத்தின் அளவு ஏற ஏற, ஒவ்வொரு முறையும் தேவைப்படும் குளோரினும் ஏறிக்கொண்டே போகும்.

மறுமொழி (பம்ப் பழுது பார்ப்பவர்)

ஃபில்டரைப் பற்றி ஒரு சொல். முதலில் பேக்வாஷ் செய்து (நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவி), தெளிந்தபின் அழுத்தமானி காட்டும் எண்ணைக் குறித்துவையுங்கள். அழுத்தம் அதைவிட நான்கில் ஒரு பங்கு ஏறும்போது மீண்டும் பேக்வாஷ் செய்யுங்கள். சற்றே அழுக்கான மணல் நுண்ணிய துகளைப் பிடிப்பதில் தூய மணலைவிடத் திறமையானது. அதனால் அவசரப்பட்டு அடிக்கடி கழுவ வேண்டாம். இறந்த பாசி தண்ணீரைப் பால்போல வெண்சாம்பலாக்கும். அது குறைபாடல்ல, ஃபில்டர் பிடிப்பதற்காகக் காத்திருக்கும் பொருள்.

மறுமொழி (மற்றொரு குளம் உரிமையாளர்)

லைனரைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் குளத்தில் ஒருமுறை குளோரின் ஊற்றியதும் கலங்காத பச்சை வந்தது. அது பாசியா என்பதில் குழம்பினேன். இதை எப்படி வேறுபடுத்துவது?

மறுமொழி (நீர்ச் சோதனை ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

நல்ல கேள்வி. பாசி தண்ணீரைக் கலக்கிவிடும், அடி தெரியாது. அடி பளிச்சென்று தெரிந்தும் நீர் பச்சையாக இருந்தால் செம்போ இரும்போ காரணமாக இருக்கும். கிணற்று நீரில் இரும்பும், சில பாசிக்கொல்லிகளில் செம்பும் இருக்கும். அப்போது குளோரினை ஏற்றினால் உலோகம் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து லைனரில் கறைபடியலாம். அதற்கு உலோகத்தைப் பிணைத்து வைக்கும் மருந்தே வேண்டும். இங்கே கேட்டவரின் நீர் கலங்கலாக இருப்பதாலும் அம்மோனியா அளந்து தெரிந்திருப்பதாலும் அந்தச் சந்தேகம் எழவில்லை.

கேட்டவர்

நீங்கள் சொன்ன வரிசைப்படியே செய்தேன். குளோரின் சில முறை ஊற்றியும் பூஜ்யத்திலேயே நின்றது. பிறகு திடீரென நிற்கத் தொடங்கியது. அன்றிரவே பச்சை கலைந்து சாம்பலாகியது. இப்போது நீர் நீலமாகத் தெளிந்து, அடியிலுள்ள லைனர் மடிப்புகளும் ஏணியின் கீழ்ப்படியில் உள்ள திருகும் கண்ணுக்குத் தெரிகின்றன. குழந்தைகள் இறங்கலாமா என்று கேட்கிறார்கள். எந்த அளவுகளில் அனுமதிக்கலாம்?

மறுமொழி (நீர்ச் சோதனை ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

மகிழ்ச்சி. கண்ணுக்குத் தெளிவாக இருப்பது மட்டும் போதாது. இன்று சூரியன் மறைந்தபின் தனிக் குளோரினை அளந்து, நாளை சூரியன் உதிக்குமுன் மறுபடி அளவுங்கள். இழப்பு 1 பிபிஎம்முக்கு மிகாமலும், பிணைந்த குளோரின் 0.5-க்கு மிகாமலும் இருந்தால் உள்ளே உயிருள்ள பாசி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அதன்பின் குளோரினைத் தானாக இறங்கவிட்டு, 30 பிபிஎம் சயனூரிக் அமிலத்துக்கு 3 முதல் 5 பிபிஎம் வரை வைத்திருங்கள், பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்கட்டும்.

மறுமொழி (பம்ப் பழுது பார்ப்பவர்)

அளவுகள் சரியாகிவிட்டாலும், குழந்தைகள் இறங்குவதற்கு முன் பம்புக்கு மின்சாரம் வரும் கசிவுத் தடுப்பு பிரேக்கரின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது உடனே மின்சாரத்தைத் துண்டித்து விழ வேண்டும். விழாவிட்டால் மின்பணியாளர் வந்து மாற்றும்வரை யாரையும் தண்ணீரில் விடாதீர்கள். குளிர்காலம் முழுவதும் வெளியே கிடந்த ஏணியின் பிளாஸ்டிக் படிகளையும் முழு எடையோடு மிதித்துப் பார்த்து, வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். பயன்பாடு முடிந்ததும் ஏணியை மேலே தூக்கிப் பூட்டும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே தொடங்கிவிடுங்கள்.